ரோஸ்ஸியின் பீட்டர்ஸ்பர்க்கை ஒரே நாளில் நடந்து பார்ப்பது எப்படி

ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் போய் வந்த யாரும் கட்டடக்கலைஞர் கார்லோ ரோஸ்ஸி கட்டியதைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. பார்த்தது அவருடையது என்று தெரியாமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம். பேரரசர்களின் குளிர்கால அரண்மனையை எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள், அப்போது அவர்கள் முதுகுக்குப் பின்னால் அரைவட்டமாக நீண்டு கிடக்கும் மஞ்சள் கட்டடம் அவருடையது. ரஷ்ய அருங்காட்சியகத்தில் ஓவியம் பார்க்க டிக்கெட் எடுத்து ஏறும் படிக்கட்டும் அவருடையதுதான். நேவ்ஸ்கி சாலையில் நடக்கும்போது கட்டட வரிசை திடீரென விலகி, ஒரு தோட்டமும் அதன் கடைசியில் தேர் ஏறிய நாடக அரங்கமும் தெரிகிற இடம் உண்டே, அதுவும்.

இத்தனை இருந்தும் இவர் பெயர் சுற்றுலாக்காரர்கள் மனதில் ஒட்டாததற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். ஒரே ஒரு கட்டடத்தைச் சுட்டிக்காட்டி ‘இதுதான் ரோஸ்ஸி’ என்று சொல்ல முடியாது. அவர் கட்டியது பெரும்பாலும் தெருக்களையும் சதுக்கங்களையும்தான். சுவர்கள் அந்தத் தெருவுக்காக, அந்தச் சதுக்கத்துக்காக எழுந்தவை. அதனால் அவரைப் பார்க்க வேண்டுமென்றால் கட்டடத்தை விட்டுவிட்டு, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தைப் பார்க்கப் பழக வேண்டும். எப்படிப் பழகுவது, எந்த நேரத்தில் எங்கே நிற்பது, எந்தப் பக்கமிருந்து உள்ளே நுழைவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புறப்படும் முன் வீட்டிலேயே செய்ய வேண்டியது

நகரத்தின் மையப்பகுதி மேப்பை ஒரு தாளில் பிரின்ட் எடுங்கள். அரண்மனைச் சதுக்கம், செனட் சதுக்கம், கலைகள் சதுக்கம், ஆஸ்த்ரோவ்ஸ்கி சதுக்கம் நான்கும் அதில் வர வேண்டும். கட்டடங்களையெல்லாம் பென்சிலால் கருப்பாக்குங்கள், தெருவையும் சதுக்கத்தையும் வெள்ளையாகவே விட்டுவிடுங்கள். அரை மணி நேர வேலை. செய்து முடித்ததும் வெள்ளைப் பகுதியை மட்டும் உற்றுப் பாருங்கள். மற்ற இடங்களில் வெள்ளை என்பது மிச்சம் விழுந்த இடம்போல ஒழுங்கில்லாமல் இருக்கும். இந்த நான்கு இடங்களில் மட்டும் வெள்ளைக்கென்று ஒரு வடிவம் இருக்கும்: ஒரு அரைவட்டம், ஒரு நீள்சதுரம், அளந்து வெட்டியது போன்ற ஒரு நேர்க்கோடு, ஒரு சின்னத் திறப்பு. ஊருக்கே போக முடியாதவர்களும் இதைச் செய்யலாம், சொல்லப்போனால் நேரில் போய் அவசரமாக ஓடுகிறவர்களைவிட அதிகமாகவே பார்த்துவிடுவார்கள்.

ரோஸ்ஸியின் வாழ்க்கையிலும் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது. 1775-ல் பிறந்தவர். தாய் கெர்ட்ரூட் ரோஸ்ஸி இத்தாலிய பாலே நடனக் கலைஞர், வளர்ப்புத் தந்தை சார்ல் லெ பிக் அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுக்கப் பேர் பெற்ற நடனக்காரர். குடும்பத்துக்கு பீட்டர்ஸ்பர்க்கின் அரசவை மேடையில் வேலை கிடைக்க, பையன் சிறு வயதிலேயே அந்த ஊருக்கு வந்துவிட்டார். பேரரசர் பாவெலின் கட்டடக்கலைஞரான வின்சென்சோ பிரென்னாவிடம் சேர்ந்து தொழில் கற்றார். பாவெல் கொலையான அதே மிகைலோவ்ஸ்கி கோட்டை எழும்பியபோது அங்கே உதவியாளராக இருந்தவர் இவர். பிறகு பிரென்னாவோடு இத்தாலி போய்ப் படித்துவிட்டுத் திரும்பினார். மாஸ்கோவிலும் த்வேரிலும் சில வருடங்கள் வேலை செய்தார். மாஸ்கோவில் அர்பாத் சதுக்கத்தில் மரத்தால் ஒரு நாடக அரங்கம் கட்டிக்கொடுத்தார், 1812-ல் நெப்போலியன் நுழைந்தபோது ஊரே எரிந்ததில் அதுவும் போனது.

1816-ல் பீட்டர்ஸ்பர்க்கில் கட்டடங்களையும் நீர்ப்பணிகளையும் கவனிக்க ஒரு குழு அமைத்தார்கள், தலைவர் பெத்தான்கூர் என்ற ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர். ரோஸ்ஸி அதில் உறுப்பினர். நெப்போலியனை வென்று பாரிஸ்வரை போய்வந்த நாடு, தலைநகரைத் தன் வெற்றிக்குத் தகுந்த மாதிரி மாற்றிக் கட்ட விரும்பிய நேரம் அது. அப்போது அவருக்கு வயது நாற்பது. அதிலிருந்து 1832-ல் ஓய்வு பெறும் வரையான 16 ஆண்டுகளில்தான் நாம் பார்க்கப்போகும் அத்தனையையும் அவர் வடிவமைத்தார். இதை மனதில் வைத்துக்கொண்டு நடங்கள். வேறு எந்த ஊரிலும் ஒரே மனிதர் இவ்வளவு குறுகிய காலத்தில் ஒரு தலைநகரின் மையத்தை இப்படித் தன் கையால் கோத்துவிட்டதாக எனக்குத் தெரியவில்லை.

வெயிலை வைத்து வரிசையைப் போடுங்கள்

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான நடைத் திட்டங்கள் அரண்மனைச் சதுக்கத்தில் காலையில் தொடங்கச் சொல்லும். தயவுசெய்து அப்படித் தொடங்காதீர்கள். அங்கே அரைவட்டமாக நீளும் அந்த மஞ்சள் கட்டடம், அதாவது ரோஸ்ஸியின் தலைமைப் படைத்தலைமையகம், ஏறக்குறைய வடக்குப் பார்த்தது. காலையிலும் நடுப்பகலிலும் அது நிழலில் கிடக்கும், நிழலில் அதன் சிற்பங்கள் சுவரோடு ஒட்டிப்போன மாதிரி தட்டையாகத் தெரியும். கோடையில் மாலை முற்றியபிறகு சூரியன் வடமேற்குக்கு நகரும்போதுதான் அந்த வளைந்த முகப்பில் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து, ஒவ்வொரு தூணும் தனித்தனியாக எழுந்து நிற்கும்.

ஆக வரிசை இப்படி: காலையில் கிழக்குப் பார்த்த செனட்–சினட் கட்டடம். நடுப்பகலில் தெற்குப் பார்த்த மிகைலோவ்ஸ்கி அரண்மனை. பிற்பகலில் நாடக அரங்கத் தெரு. மாலையில் அரண்மனைச் சதுக்கம். அந்த ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரப்படி மதியம் 1 மணி வாக்கில் என்பதால் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் தள்ளியே கணக்குப் போடுங்கள். மே கடைசியிலிருந்து ஜூலை வரை போக முடிந்தால் மாலை 9 மணிக்கு மேலும் நல்ல வெயில் இருக்கும், அவசரப்பட வேண்டியதே இல்லை. டிசம்பரில் போகிறவர்களுக்கு இந்தத் திட்டம் உதவாது, பகல் ஆறு மணி நேரம்தான், அவர்கள் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வதே வழி.

காலை: செனட் சதுக்கம்

பீட்டர் பேரரசரின் குதிரைச் சிலைக்குப் பக்கத்தில் போய் நின்று மேற்கே திரும்புங்கள். எதிரே இருப்பது இரண்டு கட்டடம். ஒன்று நாட்டின் உயர்ந்த சட்ட அமைப்பான செனட், மற்றொன்று திருச்சபையை ஆண்ட சினட். நடுவில் காலெர்னயா என்ற குறுகிய தெரு புகுந்து போகிறது. ரோஸ்ஸி அந்தத் தெருவுக்கு மேலே ஒரு வளைவைப் போட்டு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். வளைவின் உச்சியில் இருக்கும் சிற்பக் குழு நீதியையும் பக்தியையும் குறிப்பது. 1829-ல் தொடங்கி 1834-ல் முடிந்த வேலை. வடிவமைப்பு ரோஸ்ஸியுடையது, தளத்தில் நின்று கட்டி முடித்தவர் அலெக்சாந்தர் ஸ்டாவ்பெர்ட். இது தொடங்குவதற்கு நான்கே வருடங்களுக்கு முன், 1825 டிசம்பரில், இதே சதுக்கத்தில்தான் புதிய பேரரசர் நிக்கலாய்க்கு எதிராக அதிகாரிகள் படையோடு வந்து நின்றார்கள், பேரரசரின் படை பீரங்கியால் சுட்டு அவர்களைக் கலைத்தது. சட்டமும் சபையும் கைகோத்து நிற்கிற ஒரு சுவரை அந்தச் சதுக்கத்தின் எல்லையாக எழுப்ப நிக்கலாய் ஏன் ஆசைப்பட்டார் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இங்கே செய்ய வேண்டியது இரண்டு. முதலில் வளைவுக்கு அடியில் காலெர்னயா தெருவுக்குள் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பாருங்கள், இருட்டான அந்தக் குறுகிய தெருவிலிருந்து சதுக்கத்தின் வெளிச்சம் வளைவுக்குள் அடைபட்டுத் தெரியும். அப்புறம் நேவா நதிப் பக்கம் இருக்கும் மூலைக்குப் போங்கள். செனட்டின் சுவர் நதிக்கரையும் சதுக்கமும் சந்திக்கும் இடத்தில் கூர்மையாக ஒடியாமல் உருண்டு திரும்புகிறது, அந்த உருளலின் மேல் கொரிந்தியத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. ரோஸ்ஸியின் கையெழுத்து மூலைகளில்தான் இருக்கிறது. மற்ற கட்டடக்கலைஞர்கள் முகப்பின் நடுவில் பணத்தையும் கவனத்தையும் கொட்டுவார்கள், இவர் கட்டடம் எங்கே திரும்புகிறதோ அங்கே கொட்டுவார்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் இந்தக் கட்டடம் அவருடைய மற்றவற்றைவிடக் கொஞ்சம் சுமை கூடியதாகத் தோன்றும். சிற்பம் அதிகம், தூண்கள் நெருக்கம். கடைசிக் காலத்து வேலை, பேரரசரின் ரசனையும் மாறிக்கொண்டிருந்தது. ஆனாலும் காலை வெயிலில் அது நன்றாகவே இருக்கும். இப்போது செனட் பகுதியில் ரஷ்யாவின் அரசியல் சாசன நீதிமன்றமும் சினட் பகுதியில் ஒரு தேசிய நூலகமும் இயங்குகின்றன, உள்ளே நினைத்த நேரத்தில் நுழைய முடியாது.

நடுவே ஒரு நடை

அங்கிருந்து அட்மிரால்டி தோட்டத்தின் வழியாக நேவ்ஸ்கி சாலைக்கு வந்து கிழக்கே நடங்கள். கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டி கட்டடமும் மஞ்சளும் வெள்ளையும்தான், அதனால் பலர் இதையும் ரோஸ்ஸி என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது சகாரவ் கட்டியது. வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சகாரவின் கட்டடம் தன்னளவில் ஒரு மலைத்தொடர் மாதிரி, சுற்றி எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை. ரோஸ்ஸியுடையது எப்போதும் எதிரே இருக்கும் ஒன்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். கட்டடத்துக்கு முதுகைக் காட்டி நின்று எதிரே என்ன தெரிகிறது என்று பாருங்கள். அது தற்செயலாக அமையவில்லை என்று பட்டால், கட்டியவர் ரோஸ்ஸியாக இருக்க வாய்ப்பு அதிகம். வழியில் வலப்பக்கம் வரும் கசான் பேராலயத்தில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். பண்ணையடிமையாகப் பிறந்த வரனீஹின் கட்டியது, 96 தூண்களை அரைவட்டமாக நிறுத்தித் தெருவை நோக்கிக் கை விரித்திருக்கிறார். 1811-ல் முடிந்தது. கட்டடத்தால் ஒரு சதுக்கத்தை உண்டாக்கலாம் என்ற யோசனை ரோஸ்ஸிக்கு முன்பே இந்த ஊரில் இருந்தது என்பதற்கு இதுவே சாட்சி. அவர் அதை ஊர் அளவுக்குப் பெரிதாக்கினார்.

பசித்தால், கசான் பேராலயத்துக்குச் சற்று முன்பே இடப்பக்கம் பிரியும் பல்ஷாயா கன்யூஷென்னயா தெருவில் 1958-லிருந்து இருக்கும் பிஷ்கிக் கடை உண்டு. சர்க்கரைப் பொடி தூவிய சூடான எண்ணெய்ப் பணியாரம், கூடவே பால் கலந்த காபி. வரிசை நீளமாகத் தெரிந்தாலும் வேகமாக நகரும்.

நடுப்பகல்: கலைகள் சதுக்கம்

நேவ்ஸ்கியிலிருந்து இடப்பக்கம் மிகைலோவ்ஸ்கயா தெருவின் முனைக்கு வந்ததும் நில்லுங்கள், உள்ளே போகாதீர்கள். சின்னத் தெரு, கடைசியில் ஒரு தோட்டம், தோட்டத்துக்கு அப்பால் எட்டுத் தூண் முகப்போடு ஒரு அரண்மனை. அந்தத் தெரு அங்கே முன்பு இல்லை. நேவ்ஸ்கியில் போகிறவர் கண்ணில் அரண்மனை பட வேண்டும் என்பதற்காகவே ரோஸ்ஸி திறந்த வழி அது. தெருவைத் திறந்ததோடு விடவில்லை, சதுக்கத்தைச் சுற்றி வரப்போகும் வீடுகளின் முகப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதையும் வரைந்து வைத்துவிட்டார். பின்னால் வந்த அலெக்சாந்தர் புரியுல்லோவ் மிகைலோவ்ஸ்கி நாடக அரங்கத்தையும், பால் ஜாக்கோ இன்றைய பில்ஹார்மோனிக் அரங்கத்தையும் கட்டியபோது, உள்ளே தங்கள் விருப்பப்படி செய்துகொண்டு வெளிமுகத்துக்கு ரோஸ்ஸியின் வரைபடத்தைத்தான் பின்பற்றினார்கள். அதனால்தான் வெவ்வேறு ஆட்கள் கட்டிய சதுக்கம் ஒரே மூச்சில் கட்டியது மாதிரி இருக்கிறது.

அரண்மனை பாவெலின் கடைசி மகன் மிகையிலுக்காக எழுந்தது. அவர் பிறந்ததிலிருந்தே வருடா வருடம் ஒரு தொகையை இதற்கென்று ஒதுக்கி வைக்கத் தந்தை உத்தரவிட்டிருந்தார். 1819-ல் தொடங்கி 1825-ல் முடிந்தது. 1898-லிருந்து ரஷ்ய அருங்காட்சியகம். உள்ளே போகும்போது ஓவியங்களுக்கு முன் இரண்டு விஷயத்தைப் பார்த்துவிடுங்கள்: பெரிய படிக்கட்டு, அப்புறம் வெள்ளை மண்டபம். அருங்காட்சியகமாக மாற்றியபோது பெரும்பாலான அறைகளை இடித்து மாற்றிவிட்டார்கள், வெள்ளை மண்டபம் தப்பியது. நாற்காலி, சோபா, சுவர் அலங்காரம் எல்லாமே ரோஸ்ஸி வரைந்து கொடுத்தபடி செய்தவை. மண்டபத்தின் நடுவில் நின்று ஒரு நாற்காலியின் முதுகில் இருக்கும் அலங்காரத்தைப் பாருங்கள், அதே அலங்காரம் சுவரில் எங்கே திரும்ப வருகிறது என்று தேடுங்கள். அவருக்குத் தெருவும் நாற்காலியும் ஒரே வேலையின் இரண்டு அளவுகள்.

பிறகு கண்டிப்பாகப் பின்பக்கத் தோட்டத்துக்குப் போங்கள், முன்முகப்பைப் பார்த்ததோடு நிறையப் பேர் திரும்பிவிடுகிறார்கள். பின்முகப்பு வேறு கட்டடமோ என்று தோன்றும் அளவுக்கு அமைதியானது, நீண்ட தூண் வரிசை, முன்னே விரிந்த புல்வெளி. ஊரைப் பார்க்கும் முகம் அரசவைக்குரியது, தோட்டத்தைப் பார்க்கும் முகம் குடும்பத்துக்குரியது. தோட்டத்தின் மறு முனையில் மோய்க்கா ஆற்றோரம் அவரே கட்டிய சின்ன மண்டபம் ஒன்று, படித்துறையோடு இருக்கிறது. அதன் படியில் உட்கார்ந்து அரண்மனையைப் பாருங்கள். என்னைக் கேட்டால் இந்த நகரத்தில் ரோஸ்ஸியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை.

பிற்பகல்: நாடக அரங்கமும் அந்தத் தெருவும்

நேவ்ஸ்கிக்குத் திரும்பி இன்னும் கிழக்கே வந்தால் வலப்பக்கம் ஆஸ்த்ரோவ்ஸ்கி சதுக்கம். நடுவில் இருக்கும் காத்தரீன் பேரரசியின் சிலை 1873-ல் வந்தது, அதை மனதால் எடுத்துவிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் பொது நூலகத்தின் நீண்ட சுவர், மறு பக்கம் அனிச்கோவ் அரண்மனையின் தோட்டத்தில் ரோஸ்ஸி கட்டிய இரண்டு சின்ன மண்டபங்கள், நேரே அலெக்சாந்த்ரின்ஸ்கி நாடக அரங்கம். முகப்பில் உள்வாங்கிய ஆறு தூண்கள், உச்சியில் நான்கு குதிரை பூட்டிய அப்போல்லோவின் தேர். 1828-ல் தொடங்கி 1832-ல் திறந்த அரங்கம் இது. பேரரசர் நிக்கலாயின் மனைவி அலெக்சாந்த்ராவின் பெயரைச் சூட்டினார்கள்.

இந்த அரங்கத்தின் கூரையைப் பற்றித் தெரியாமல் உள்ளே போகக் கூடாது. அந்தக் காலத்து நாடக அரங்கங்கள் எண்ணெய் விளக்கிலும் மெழுகுவர்த்தியிலும் ஓடியவை, மரக்கூரை, எரிந்து போவது சகஜம். மாஸ்கோவில் தன் மர அரங்கத்தை நெருப்பில் இழந்தவர் ரோஸ்ஸி. இங்கே இரும்பால் கூரைச் சட்டகம் செய்ய முடிவெடுத்தார், அலெக்சாந்தர் வார்ப்பாலையை நடத்திய பொறியாளர் மத்வேய் கிளார்க்கோடு சேர்ந்து. இவ்வளவு அகலமான இடத்தை இரும்பால் மூடுவது அங்கே அப்போது புதிது. அதிகாரிகள் பயந்தார்கள், வேலையை நிறுத்தி வைத்தார்கள், குழு போட்டு ஆராய்ந்தார்கள். ரோஸ்ஸி கொதித்துப்போய், இந்தக் கூரையால் ஏதாவது விபத்து நேர்ந்தால் மற்றவர்களுக்குப் பாடமாக அதே கூரைச் சட்டகத்தில் என்னை உடனே தூக்கில் போடட்டும் என்று எழுதிக்கொடுத்தார். வேலை தொடர்ந்தது. கூரை விழவில்லை. ஆனால் மேலதிகாரிகளோடு இப்படி மோதிக்கொண்டே இருந்த மனிதரை அரசவை அதிக நாள் பொறுத்துக்கொள்ளவில்லை, அரங்கம் திறந்த அதே 1832-ல் அவர் ஓய்வு பெற்றார்.

அரங்கத்தைச் சுற்றிப் பின்பக்கம் வாருங்கள். இனி வருவதுதான் இந்த நடையின் உச்சம், எனவே அவசரமே கூடாது. உங்கள் முன்னால் ஒரு நேரான தெரு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான இரண்டு கட்டடம், தெரு முழுக்க அவ்வளவுதான். நீளம் 220 மீட்டர், அகலம் 22 மீட்டர், கட்டடங்களின் உயரமும் 22 மீட்டர். தரைத்தளம் வளைவு வளைவாக, அதற்கு மேல் இரண்டு தளங்களைச் சேர்த்துப் பிடிக்கும் இரட்டை இரட்டையான அரைத்தூண்கள், கடைசிவரை மாறாமல். வேறு எந்த அலங்காரமும் சொல்லும்படி இல்லை.

இங்கிருந்தே பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். நடைபாதையில் தெற்கு முனைவரை ஒரே சீரான வேகத்தில் நடங்கள், ஏறக்குறைய முந்நூறு அடி வைக்க வேண்டிவரும். நடக்கும்போது எதிர்ப்பக்கத்து தூண்களையே பார்த்துக்கொண்டு வாருங்கள். இரண்டு தூண், ஜன்னல், இரண்டு தூண், ஜன்னல் என்று உங்கள் நடைக்கே ஒரு தாளம் வந்துவிடும். முனையில் லமனோசவ் சதுக்கம், ஊர்க்காரர்கள் அதன் வட்டத் தோட்டத்தை வைத்து ‘வத்ரூஷ்கா’ என்பார்கள், நடுவில் பாலாடைக்கட்டி வைத்துச் சுடும் வட்ட ரொட்டியின் பெயர் அது. இப்போது திரும்புங்கள். தெருவின் இரண்டு கூரை விளிம்புகளும் இரண்டு நேர்க்கோடாக ஓடி, அரங்கத்தின் பின்சுவரில் போய் முடியும். அரங்கத்தின் முதுகுச் சுவர் ஏன் அவ்வளவு தட்டையாக, திரைமாதிரி இருக்கிறது என்பது அங்கே நின்றால்தான் புரியும். அது இந்தத் தெருவின் கடைசிச் சுவராக இருப்பதற்காக வரைந்தது. வெயில் மேற்கே சாயச் சாய ஒரு பக்கம் பொன்னாகவும் மறு பக்கம் நீலமாகவும் தெரு இரண்டாகப் பிரியும், 3 மணியிலிருந்து 5 மணிக்குள் இருந்தால் நல்லது.

1836-லிருந்து இந்தத் தெருவில்தான் பேரரசின் பாலே பள்ளி இருக்கிறது, இன்றைய வகானவா அகாதெமி. நடனக்காரியின் மகன் கட்டிய தெருவில் ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டாக நடனக் குழந்தைகள் நடந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். 1923-ல் தெருவுக்கே அவர் பெயரை வைத்தார்கள். இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஓய்வுக்குப் பின் அவர் வாழ்ந்த 17 ஆண்டுகள் பணக் கஷ்டத்தில் கழிந்தவை, பெரிய குடும்பம், நோவ்கரதுக்குப் பக்கத்தில் யூரியெவ் மடத்தின் மணிக்கூண்டு போல ஒன்றிரண்டு வேலைகள்தான். 1849-ல் காலராவில் இறந்தார். அலெக்சாந்தர் நேவ்ஸ்கி மடத்தின் லாசரெவ் கல்லறைத் தோட்டத்தில் இப்போது அவர் கல்லறை இருக்கிறது. வரனீஹின், சகாரவ் கல்லறைகளும் அங்கேயே, நேரம் இருந்தால் வேறொரு நாள் போகலாம்.

மாலை: வளைவின் வழியாக மட்டும்

கால் வலித்தால் கொஞ்சம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, நேவ்ஸ்கியில் மேற்கே திரும்பி வாருங்கள். மோய்க்கா ஆற்றைத் தாண்டியதும் வலப்பக்கம் பல்ஷாயா மர்ஸ்கயா தெருவின் சின்னத் துண்டு ஒன்று வரும். அரண்மனைச் சதுக்கத்துக்குள் அந்த வழியாக மட்டும்தான் நுழைய வேண்டும். அட்மிரால்டி பக்கமிருந்து நுழைந்தால் சதுக்கம் முழுவதும் ஒரே நொடியில் கண்ணில் கொட்டிவிடும், பிறகு பார்க்க எதுவும் மிச்சமிருக்காது.

ரோஸ்ஸிக்கு இங்கே இருந்த சிக்கல், தெரு சதுக்கத்தை நேராகச் சந்திக்கவில்லை, சாய்வாக வந்து முட்டுகிறது. எதிரே ராஸ்த்ரெல்லி 1762-ல் முடித்த குளிர்கால அரண்மனை, அதன் நடுவாசலுக்கு நேராக வளைவு வர வேண்டும். தெருவுக்கு நேராகவும் இருக்க வேண்டும், அரண்மனைக்கு நேராகவும் இருக்க வேண்டும், இரண்டும் ஒத்துப்போகவில்லை. அவர் ஒரு வளைவுக்குப் பதில் ஒன்றன்பின் ஒன்றாக வளைவுகளைப் போட்டார். சதுக்கத்துப் பக்கம் இருப்பவை அரண்மனையைப் பார்க்கும், தெருப்பக்கம் இருப்பது தெருவைப் பார்க்கும், நடுவில் எங்கேயோ பாதை திரும்பிவிடுகிறது. நடக்கிறவருக்குத் தெருவின் கோணல் தெரியாது. முதல் வளைவுக்குக் கீழே நுழையும்போது அரண்மனையின் ஒரு துண்டுதான் தெரியும். இன்னும் சில அடி வைத்தால் சதுக்கத்தில் நிற்கும் அலெக்சாந்தர் தூண் பார்வையின் ஓரத்திலிருந்து நகர்ந்து நடுவுக்கு வரும். கடைசி வளைவைத் தாண்டியதும்தான் சதுக்கம் முழுசாகத் திறக்கும். ஒருமுறை போனபிறகு திரும்ப வந்து இன்னொரு முறை நடங்கள், இந்த முறை தலைக்கு மேலே பார்த்தபடி, வளைவுகள் எந்த இடத்தில் கோணம் மாறுகின்றன என்று கண்டுபிடியுங்கள்.

பிறகு சதுக்கத்தின் நடுவுக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள். 580 மீட்டர் நீளச் சுவர், 1819-லிருந்து 1829 வரை எடுத்த வேலை. பழைய வீடுகள் சிலவற்றை உள்ளேயே விழுங்கிக்கொண்டு எழுந்தது. இவ்வளவு நீளச் சுவரில் அவர் கிட்டத்தட்ட எதுவுமே செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள், ஒரே ஜன்னல், ஒரே இடைவெளி, சாதாரணச் சுவர். எதிரே ராஸ்த்ரெல்லியின் அரண்மனை சிலையும் தூணும் சுதைப் பூவுமாகக் கொண்டாட்டமாக நிற்கிறது, அதோடு போட்டி போட்டால் சதுக்கம் சந்தையாகிவிடும். அவர் பின்வாங்கி அமைதியாக நின்றார், சேர்த்து வைத்த அத்தனையையும் அந்த வளைவில் மட்டும் இறக்கினார். 28 மீட்டர் உயர வளைவு, சுற்றிலும் போர்க் கவசங்களும் பறக்கும் வெற்றித் தேவதைகளும், உச்சியில் ஆறு குதிரைகள் பூட்டிய வெற்றித் தேர். சிற்பிகள் தெமூத்-மலினோவ்ஸ்கியும் பீமெனவும், ரோஸ்ஸியின் பெரும்பாலான வேலைகளில் அவரோடு இருந்தவர்கள். தேர் கனமான வார்ப்பு இல்லை, இரும்புக் கூட்டின் மேல் செம்புத் தகடு போர்த்தியது, வளைவு தாங்க வேண்டுமே. சாரம் பிரிக்கும் நாளில் வளைவு நிற்குமா என்று சந்தேகப்பட்டவர்களுக்கு முன், விழுந்தால் நானும் விழுகிறேன் என்று ரோஸ்ஸி தொழிலாளர்களோடு உச்சியில் ஏறி நின்றார் என்று ஒரு கதை சொல்வார்கள். கூரை விவகாரத்தில் அவர் எழுதிக்கொடுத்ததைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது.

நடுவில் நிற்கும் 47.5 மீட்டர் தூண் 1834-ல் மோன்பெரான் எழுப்பியது. அதன் இடத்தைத் தீர்மானித்தது ரோஸ்ஸியின் வளைவுதான், வளைவுக்கும் அரண்மனை வாசலுக்கும் இடையே உள்ள கோட்டில்தான் அதை வைக்க முடியும்.

இன்னொரு நாள் கிடைத்தால்

யெலாகின் தீவுக்குப் போங்கள், மெட்ரோவில் கிரெஸ்தோவ்ஸ்கி ஓஸ்த்ரவ் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். பேரரசரின் தாய் மரியாவுக்கு வயதாகி, தூரத்து அரண்மனைகளுக்குப் போய்வர முடியாததால் பக்கத்தில் ஒன்று கட்டச் சொன்னார்கள். 1818-லிருந்து 1822 வரை, ரோஸ்ஸியின் முதல் பெரிய வேலை. இரண்டாம் உலகப் போரில் எரிந்து, பிறகு மீட்டுக் கட்டியது. அரண்மனையைப் பார்த்தபின் பக்கத்தில் இருக்கும் அரைவட்டக் கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். வெளிச்சுவரில் ஜன்னல் ஒன்றுகூட இல்லை, ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் மாடம் வைத்துச் சிலைகள். அது சமையல் கட்டடம். தாளிக்கிற வாசனையும் புகையும் தோட்டத்தில் உலவுகிறவர்களை எட்டக் கூடாது என்று எல்லா ஜன்னல்களையும் உள்முற்றத்தின் பக்கம் திருப்பிவிட்டார்.

கிழமை பார்த்துக் கிளம்புங்கள். ரஷ்ய அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை, குளிர்கால அரண்மனையில் இருக்கும் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்துக்குத் திங்கள். தலைமைப் படைத்தலைமையகத்தின் கிழக்குப் பகுதி இப்போது ஹெர்மிடாஜின் கையில் இருப்பதால் அதற்கும் திங்கள்தான். உள்ளே போகிறவர்கள் பெரும்பாலும் மேல்தளத்தில் பிரெஞ்சு ஓவியங்களைத் தேடி ஓடுவார்கள், நீங்கள் அங்கே போனதும் முதலில் சதுக்கத்துப் பக்க ஜன்னல் ஒன்றைத் தேடுங்கள்.